கணக்குக் கேட்பது குற்றமா?



சங்கரன்கோவில் பூச்சந்தைக்கு விடியற்காலையில் சென்றவர்கள் இந்தக் காட்சியைக் கண்டிருப்பீர்கள். சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து பூக்கூடை சுமந்து வரும் உழவர், எடை போட்டதும் கையில் ஒரு துண்டுச் சீட்டைப் பெற்றுக்கொண்டுதான் நகர்கிறார். கமிஷன் கடைக்காரர் அவருக்கு முப்பது ஆண்டுப் பழக்கமுள்ளவராக இருக்கலாம். வீட்டு விசேஷங்களில் ஒருவர்க்கொருவர் மொய் எழுதியவர்களாகவும் இருக்கலாம். ஆயினும் சீட்டு உண்டு. அவ்வூர் விசைத்தறிக் கூடங்களிலும் கொடுத்த நூலுக்கும் திரும்பிய துணிக்கும் ஏட்டில் கணக்கு உண்டு. இதனால் எவரும் எவரையும் அவமதித்துவிட்டதாக எண்ணுவதில்லை.

ஆனால் அதே வட்டாரத்தில், ஜும்ஆ தொழுகை முடிந்தபின் ஓர் இளைஞர் எழுந்து பள்ளிவாசல் கடைகளின் வாடகைக் கணக்கைக் கேட்டுவிட்டால் மட்டும் முகங்கள் ஏன் சிவக்கின்றன? மஹர்த் தொகையை நிக்காஹ் தஃப்தரில் எழுதாமல் விடாத நாம், அல்லாஹ்வின் பெயரால் விடப்பட்ட சொத்துக்கு மட்டும் ஏடு வேண்டாம் என்று எங்கே கற்றுக்கொண்டோம்?

நான் நேரில் அறிந்த ஒன்றைச் சொல்கிறேன். ஊரின் பெயர் வேண்டாம். அங்கே ஒரு முத்தவல்லி இருபதாண்டுக்கு மேல் பொறுப்பில் இருந்தார். ஐந்து வேளையும் முதல் வரிசையில் நிற்பவர். பள்ளியின் பணத்தில் ஒரு தேநீர்கூட அருந்தாதவர். மின்கட்டணத்துக்குப் பணம் போதாத மாதங்களில் தம் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கட்டியவர். ஒரு முறை இளைஞர் ஒருவர், "மாமா, கடை வாடகைக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் போட்டுவிடலாமே" என்று பணிவாகத்தான் கேட்டார். பெரியவர் சாவிக்கொத்தை மிம்பரின் அருகே வைத்துவிட்டு, "என் மேல் சந்தேகம் வந்த பிறகு எனக்கு இது எதற்கு?" என்று கண்கலங்கி வெளியேறினார். ஊரே அவர் பின்னால் ஓடிச் சமாதானம் செய்து அழைத்து வந்தது. கேட்ட இளைஞர் அடுத்த ஓராண்டு பக்கத்துத் தெருப் பள்ளியில் தொழுதார்.

பெரியவர் காலமானார். நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிவதற்குள் கடைக்காரர் ஒருவர் வந்து, தாம் கொடுத்த முன்பணம் முப்பதாயிரத்தைத் திருப்பித் தரவேண்டும் என்றார். இன்னொருவர் தாம் கொடுத்தது ஐம்பதாயிரம் என்றார். ரசீது இல்லை, ஏடு இல்லை. வாங்கிய பணம் கூரை ஓட்டுக்குப் போனதா, ஹவுளுக்குப் போனதா, எவருக்கும் தெரியாது. இறுதியில் அந்த உத்தமரின் மகன், தம் தந்தை கடனாளியாகக் கப்றில் கிடக்கக்கூடாது என்று மனைவியின் நகையை விற்று அடைத்தார். ஊரில் பாதிப்பேர் இன்றும் அப்பெரியவரைத் திருடர் என்றே பேசுகிறார்கள். ஒரு காசும் தொடாதவருக்கு, இருபது ரூபாய் நோட்டுப் புத்தகம் ஒன்று இல்லாமையால் வந்த பெயர் இது!

எண்ணிப் பாருங்கள். அன்று கணக்குக் கேட்ட இளைஞர் அவருக்குப் பகைவரா, நண்பரா?

இறைத்தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் ரமளானில் இஃதிகாஃப் இருந்த ஓர் இரவில், தம்மைக் காணவந்த அன்னை சஃபிய்யா (ரலி) அவர்களை வழியனுப்ப எழுந்து நடந்தார்கள். அவ்வழியே சென்ற அன்சாரித் தோழர் இருவர் நடையை விரைவுபடுத்தினர். நபியவர்கள் அவர்களை நிறுத்தி, உடனிருப்பவர் தம் மனைவி சஃபிய்யாவே என்று எடுத்துரைத்தார்கள். தோழர்கள் திடுக்கிட்டனர், தங்களைச் சந்தேகிப்பதா என்று! ஷைத்தான் மனிதனின் இரத்தம்போல் ஓடுபவன், உங்கள் உள்ளத்தில் தவறான எண்ணத்தைப் போட்டுவிடுவானோ என அஞ்சியே சொன்னேன் என்று நபியவர்கள் விளக்கினார்கள். புகாரியில் இடம்பெற்ற செய்தி இது. எவரும் கேட்கவில்லை, எவரும் ஐயுறவுமில்லை. பாவமற்ற நபி தாமாகவே முன்வந்து விளக்கம் தந்தார்கள். நம் முத்தவல்லிமார்களின் கண்ணியம் அந்தக் கண்ணியத்தைவிட உயர்ந்ததா?

ஸகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யாவின் வரலாறு பயான்களில் அடிக்கடி கேட்டதுதான். இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது என்று அவர் பிரித்துச் சொன்னதும், அவர் தாய் தந்தையர் வீட்டில் அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு வந்திருக்குமா என்று நபியவர்கள் மிம்பரில் ஏறிக் கேட்டார்கள். நாம் அதுவரை சொல்லி நிறுத்திவிடுகிறோம். அதற்கு முன்பே நடந்த ஒன்றை ஹதீஸ் குறிப்பிடுகிறது: அவர் திரும்பி வந்ததும் நபியவர்கள் அவரிடம் கணக்குக் கேட்டார்கள். குற்றம் தெரிந்த பின் கேட்ட கணக்கல்ல அது. பணி முடிந்து வந்தவரிடம் கேட்கும் வழக்கமான கணக்கு. அந்த வழக்கத்தினால்தான் குற்றமே வெளிப்பட்டது.

உமர் (ரலி) அவர்கள் கைபர் நிலத்தை வக்ஃபு செய்தபோது, அதை விற்கவோ, வாரிசுரிமையாக்கவோ, அன்பளிப்பாக வழங்கவோ கூடாது என்று நிபந்தனை விதித்தார்கள். நிர்வகிப்பவர் நியாயமான அளவில் உண்ணலாம், செல்வம் சேர்க்கலாகாது என்பதும் அதே நிபந்தனைகளில் அடங்கும். வக்ஃபின் தொடக்கத்திலேயே நிர்வாகிக்கு எல்லை வகுக்கப்பட்டுவிட்டது!

நம் நாட்டுச் சட்டமும் இதைப் புதிதாகச் சொல்லவில்லை. 1923ஆம் ஆண்டின் முசல்மான் வக்ஃபு சட்டமே முத்தவல்லிகள் கணக்கை நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும் என்றது. 1954ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலந்தோறும் வாரியங்களுக்கு வழிகோலியது. 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, மார்ச் 31 வரையிலான ஓராண்டுக் கணக்கை முத்தவல்லி ஆண்டுதோறும் வாரியத்திடம் தரவேண்டும். 2013ஆம் ஆண்டுத் திருத்தம் அதற்கான நாளை ஜூலை 1க்கு முன் என்று ஆக்கியது. கடமை தவறும் முத்தவல்லியை நீக்கும் அதிகாரமும் வாரியத்துக்கு உண்டு.

ஆனால் முத்தவல்லியை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. சம்பளமின்றி ஊருக்கு உழைப்பவர் அவர். சட்டத்தின் பலத்தால் பணம் பெறுவது சென்னையில் இருக்கும் வாரியம். ஆண்டு நிகர வருமானத்தில் 7 விழுக்காடு வரை வக்ஃபுகளிடமிருந்து சந்தாவாகப் பெற 1995ஆம் ஆண்டுச் சட்டம் வகை செய்தது; 2025ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அதை 5 விழுக்காட்டுக்கு மிகாமல் என்று குறைத்தது. அத்திருத்தத்தின் வேறு பல பிரிவுகள் சமுதாயத்தின் நெஞ்சைப் புண்படுத்தின. அவற்றுள் சிலவற்றுக்கு உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் இடைக்காலத் தடை விதித்தது. அது வேறு விவாதம். நாம் கவனிக்க வேண்டியது, இச்சந்தா எதற்காக என்பதற்குச் சட்டமே தரும் காரணத்தை: வாரியம் அந்த வக்ஃபுக்குச் செய்யும் பணிகளுக்கு ஈடாக!

அப்படியானால் சங்கரன்கோவில் வட்டத்தின் ஒரு சிற்றூர்ப் பள்ளிவாசல் செலுத்திய சந்தாவுக்கு ஈடாக அது பெற்ற பணி என்ன? அதன் நிலம் அளக்கப்பட்டதா? பட்டா சரிபார்க்கப்பட்டதா? ஆக்கிரமிப்பாளருக்கு ஓர் அறிவிப்பேனும் சென்றதா? இவ்வினாக்களைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. வாரியத்தின் கணக்கை, மாநில அரசு நியமிக்கும் தணிக்கையாளர் ஆண்டுதோறும் தணிக்கை செய்யவேண்டும்; வாரியச் செயல்பாட்டின் ஆண்டறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்படவேண்டும். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் சாதாரணக் குடிமகனும் விண்ணப்பித்துக் கேட்கலாம். நம்மில் எத்தனை ஜமாஅத்துகள் அப்படி ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கின்றன? தம் வீட்டில் கணக்கு எழுதாதவர்கள் அடுத்த வீட்டில் எப்படிக் கேட்பார்கள்! கீழே உள்ள மெத்தனம் மேலே உள்ள மெத்தனத்துக்குக் கேடயமாகிவிட்டது.

இதன் விலை சிறிதல்ல. நீதியரசர் ராஜேந்தர் சச்சார் தலைமையிலான குழு 2006இல் அளித்த அறிக்கையில், நாடெங்கும் பதிவான வக்ஃபுகள் சுமார் 4.9 லட்சம், நிலப்பரப்பு சுமார் 6 லட்சம் ஏக்கர் என்று மதிப்பிட்டது. அவற்றிலிருந்து அப்போது கிடைத்த ஆண்டு வருமானம் ஏறத்தாழ 163 கோடி ரூபாய். முறையாகப் பயன்படுத்தினால் ஆண்டுக்கு 12,000 கோடி வரை கிடைக்கக்கூடும் என்றும் அக்குழு கணக்கிட்டது. இடையில் காணாமற்போன தொகையைத் திருடர்கள் மட்டுமே கொண்டுபோனார்கள் என்று நான் நம்பவில்லை. எழுதப்படாத குத்தகை, மறந்துபோன வாடகை, "நம்ம மச்சான்தானே" என்று உயர்த்தப்படாத கட்டணம் ஆகியவற்றின் பங்கே பெரிதாக இருக்கும் என்பது என் எண்ணம். அத்தொகை ஒரு விதவையின் உதவிப்பணம். ஓர் ஏழை மாணவியின் கல்லூரிக் கட்டணம். அதைப் பெறவேண்டியவர்கள் நம்மிடம் வந்து கேட்கமாட்டார்கள். தமக்கு வரவேண்டியது என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

நான் மேலே சொன்ன ஊருக்குச் சென்ற ஆண்டு மீண்டும் போனேன். காலமான பெரியவரின் மகனையே முத்தவல்லியாக்கியிருந்தார்கள். தொழுகை நேர அட்டவணைக்கு அருகில், அம்மாத வரவு செலவு ஒரு முழுத்தாளில் ஒட்டப்பட்டிருந்தது. வாடகை, உண்டியல், மோதினார் சம்பளம், குழல்விளக்கு இரண்டு, பாய் தைத்த கூலி என வரிசையாக எல்லாம் இருந்தன. தொழுதுவிட்டு வந்த முதியவர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரலால் கூட்டிப் பார்த்து, "தம்பி, நாற்பது ரூபாய் இடிக்கிறதே" என்றார். முத்தவல்லி அருகில் வந்து பார்த்தார். சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்தார். அடித்துத் திருத்திப் பக்கத்தில் கையொப்பமிட்டார். பிறகு இருவரும் சேர்ந்தே செருப்பு மாட்டிக்கொண்டு தேநீர்க் கடைப் பக்கம் நடந்தார்கள்.