அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால்



பேரும் ஊரும் போடாமல் ஒரு தாய் எழுதிய கடிதம் இந்த மாதத் தபாலில் வந்தது. கல்லூரியில் படிக்கும் மகளுக்குத் திடீர் திடீரென நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, செத்துவிடப் போகிறேன் என்று அழுகிறாள். மனநல மருத்துவர் இரண்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார். "பழகிப் போச்சுன்னா நாளைக்கு யார் கட்டிப்பாங்க?" என்று பயந்து, நான்கு நாளாக இரண்டையும் அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருக்கிறாராம். பதில் போட முகவரி இல்லை. அதனால் இந்தப் பக்கத்திலேயே எழுதுகிறேன்.

அம்மா, நானும் அந்த மாத்திரைகளை விழுங்கியவன்தான். ஒரு தீபாவளி மலர் அச்சுக்குப் போகும் நேரம். மெய்ப்பு பார்த்துக்கொண்டிருந்த கை நடுங்கியது, விரல் நுனி மரத்தது, நெஞ்சு அடைத்தது. "கேஸா இருக்கும் சார், சோடா குடிங்க" என்றார் லே-அவுட் தம்பி. ஆட்டோ ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது. இசிஜி நார்மல். வெட்கமாகப் போய்விட்டது, மாரடைப்பாக இருந்திருந்தால்கூடக் கௌரவமாக இருந்திருக்கும்!

எனக்கும் இரண்டுதான் எழுதினார்கள். எஸ்சிடாலோபிராம் தினம் ஒன்று. அது வேலை காட்ட இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு இன்னும் கூடுதலாக ஆகும். முதல் சில நாள் படபடப்பு சற்றுக் கூடவும் செய்யலாம். மற்றது அல்பிரசோலம், அரை மாத்திரை. சீக்கிரம் கேட்கும், ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் கூடாது என்றார் டாக்டர்.

நான் செய்தது தலைகீழ். மெதுவான மாத்திரையைப் பத்தாம் நாளே நிறுத்தினேன். அரை மாத்திரையை மட்டும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். படபடப்பு வந்தால் பத்து நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாகவே இறங்கத் தொடங்கிவிடும். மாத்திரை ரத்தத்தில் கலந்து வேலை செய்ய அரை மணியாவது ஆகும். பல தடவை உடம்பு தானே அடங்கியிருக்கிறது, பேர் வாங்கியதோ மாத்திரை. இது எனக்குப் புரியவே ஒரு வருஷம் ஆனது.

இந்த மயக்கம் எனக்கு மட்டும் வந்ததில்லை. அல்பிரசோலத்தின் குடும்பத்தில் மூத்தது லிப்ரியம். 1957-இல் நியூ ஜெர்சியில் ஆய்வகத்தைச் சுத்தம் செய்தபோது, வேதியியலாளர் லியோ ஸ்டெர்ன்பாக்கின் குழு ஒதுக்கிப்போட்டிருந்த ஒரு பொருளிலிருந்து கிடைத்தது. 1960-இல் கடைக்கு வந்தது, 1963-இல் வேலியம். அமெரிக்காவே அள்ளி விழுங்கியது. விடமுடியாமல் போவது பிறகுதான் உறைத்தது.

நம் ஊரில் 2014 மார்ச் முதல் அல்பிரசோலம் எச்1 பட்டியலில் இருக்கிறது. மருந்துக்கடைக்காரர் டாக்டர் பேர், நோயாளி பேர், எத்தனை மாத்திரை என்று பதிவேட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். மடித்து மடித்துக் கிழிந்த பழைய சீட்டை நீட்டி எட்டு மாதம் வாங்கினேன். கொடுத்தவரை விடுங்கள், கேட்டவன் நான்.

ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் மாத்திரை தீர்ந்தது. மறுநாள் பந்தியில் சாம்பார் ஊற்றுபவருக்கு முன்னால் கை நடுங்கியது. இரவு பொட்டுத் தூக்கமில்லை. திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம் என்று பிறகு டாக்டர் திட்டினார். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் வெளியே வந்தேன்.

ஆக, அம்மா, உங்கள் பயம் பாதி நியாயம்தான். பழகிப்போகக் கூடியது பெரும்பாலும் அந்தச் சீக்கிர மாத்திரை. தினமும் போடுகிற மெதுவான மாத்திரை அப்படி ஏங்க வைக்காது. ஆனால் அதையும் சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல் வரலாம். நீங்களாக மறுபடி ஆரம்பிக்காமல், நாலு நாள் விட்டுப்போனதை இன்றே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். உடனே அவரைப் பிடிக்க முடியாவிட்டால் 14416, டெலி மானஸ் மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

டாக்டரிடம் போகும்போது அந்த இரண்டு அட்டைகளையும் எடுத்துப் போங்கள். எது தினமும், எது எத்தனை நாளைக்கு என்று அட்டை மேலேயே பேனாவால் எழுதித் தரச் சொல்லுங்கள். மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்