தீயில் இறங்க முழு ஆள், பென்ஷனுக்கு அரை ஆளா?

பிரிட்டனில் ஒரு ரகத் தீயணைப்புத் தொழிலாளி உண்டு. சர்க்கார் பாஷையில் அவருக்கு ‘ரீட்டெயின்டு’ என்று பெயர். நம் ஆலைத் தோழர்களுக்குப் புரியும்படி சொன்னால், கிட்டத்தட்ட பதிலி! பகலில் அவர் பண்ணையில் வேலை செய்வார், கடையில் நிற்பார், பட்டறையில் சுத்தியல் பிடிப்பார். இடுப்பில் ஒரு சிறு கருவி இருக்கும். அது கூவியதும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு, சில நிமிஷங்களுக்குள் தீயணைப்பு நிலையத்தில் ஆஜராக வேண்டும். கிராமத்தில் வைக்கோல் போர் எரிந்தாலும், ரஸ்தாவில் லாரி நொறுங்கினாலும் ஓடி வருகிறவர் இவர்தான். வருஷத்துக்கு ஒரு சிறு தொகை, ஒவ்வொரு அழைப்புக்கும் இவ்வளவு என்று கூலி.

பென்ஷன்? 2006 வரை கிடையாது!

இவர் பக்கத்தில் நின்று அதே குழாயைப் பிடிக்கும் முழுநேரத் தொழிலாளிக்கு உண்டு. 1947-ம் வருஷத் தீயணைப்புச் சட்டத்தின் கீழ் 1992-ல் வகுத்த திட்டப்படி, 30 வருஷ சர்வீசுக்குச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குவரை பென்ஷன். அது தயவல்ல, அவர் சம்பளத்தில் 11 சதவீதம் சந்தாவாகப் பிடித்துக்கொண்டே கொடுத்தார்கள். ஆனால் திட்டத்தின் வாசலிலேயே ‘முழுநேரம்’ என்ற வார்த்தையைப் பூட்டாகத் தொங்கவிட்டார்கள்.

2000 ஜூலையில் பகுதிநேரத் தொழிலாளர்களைத் தாழ்த்தி நடத்தக் கூடாது என்று ஒரு சட்டம் அமுலுக்கு வந்தது. ஏறத்தாழ 12,000 பேர், யூனியன் துணையுடன் வழக்குத் தொடுத்தார்கள். நிர்வாகங்கள் என்ன சொல்லின தெரியுமா? “முழுநேரக்காரர் பள்ளிக்கூடம் போய்த் தீத்தடுப்புப் பாடம் சொல்கிறார், வேறு பல காரியங்களும் பார்க்கிறார்; இவர் தீ பிடித்தால்தான் வருகிறார். ஆகவே இருவர் வேலையும் ஒன்றல்ல!”

நாம் கேட்கிறோம்: தீயணைக்கும் படையில் தீயை அணைப்பது உப தொழிலா? நெல் அறுக்கும் கூலியாளிடம், “நீ வருஷம் முழுதும் வயலில் நிற்கவில்லை, ஆகவே நீ செய்தது அறுவடையே அல்ல” என்று மிராசுதார் சொன்னால் எப்படியிருக்கும்? இந்த வாதத்தையும் மூன்று கோர்ட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றுக்கொண்டன. 2006 மார்ச் 1-ந் தேதி பிரபுக்கள் சபை நீதிபதிகள்தான் அதைத் தள்ளினார்கள். அதுவும் மூவர் இப்பக்கம், இருவர் அப்பக்கம். ஒரு நீதிபதி புரண்டு படுத்திருந்தால் அத்தனை பேர் பாடும் அம்போ!

தீர்ப்பு வந்ததும் பணம் வந்ததா? பழைய சர்வீசுக்குப் பென்ஷனில் சேரும் வழியைத் திறக்க 2014 ஆயிற்று. அதிலும் 2000 ஜூலைக்குப் பிந்திய வருஷங்கள் மட்டுமே. 1975-ல் சேர்ந்தவரின் முதல் 25 வருஷத் தீயும் புகையும் கணக்கில் இல்லை! 2018-ல்தான் ஐரோப்பியக் கோர்ட்டு முந்திய சர்வீசையும் எண்ண வேண்டும் என்றது. அந்த வழக்கைத் தொடுத்தவர் யார்? ஒரு பகுதிநேர நீதிபதி! தன் பென்ஷனுக்காக வழக்காடியவர். கறுப்பு அங்கிக்குத் திறந்த கதவில்தான் தீயணைப்புத் தொழிலாளியும் நுழைய முடிந்தது. அதற்கான ஏற்பாடு தொடங்கியது 2023 அக்டோபரில். 1975-ல் இருபது வயது வாலிபராகச் சேர்ந்தவருக்கு அப்போது வயது 68. அவரும் சும்மா வாங்கிவிட முடியாது, விட்டுப்போன வருஷங்களின் சந்தாவைக் கட்டியாக வேண்டும். வாசலைப் பூட்டியது அவரா?

முழுநேரத் தொழிலாளியாவது நிம்மதியாக இருக்கிறாரா? அவர் மீதும் கை வைத்தார்கள். 2013-ம் வருஷச் சட்டம் ஓய்வு வயதை 60 ஆக்கியது. 59 வயதில் முதுகில் காற்றுக் குப்பியைச் சுமந்து புகைக்குள் ஏணி ஏறச் சொல்லும் மந்திரிகள், அந்த ஏணியின் முதல் படியையாவது பார்த்திருப்பார்களா? 2013 செப்டம்பரில் வேலை நிறுத்தம் வெடித்தது. ஒற்றுமையைக் குலைக்கவே செய்தது போல், ஓய்வுக்குப் பத்து வருஷத்துக்குள் இருந்த மூத்தவர்களைப் பழைய திட்டத்தில் வைத்து, இளையவர்களை 2015 ஏப்ரலில் புதிய திட்டத்தில் தள்ளினார்கள். இது வயது பார்த்துச் செய்த பாரபட்சம் என்று 2018 டிசம்பரில் அப்பீல் கோர்ட்டு சொல்லிவிட்டது. இங்கும் கூடவே வழக்காடி ஜெயித்தவர்கள் நீதிபதிகளே! 2022-ல் புதுச் சட்டம் போட்டு, பறித்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

பல இலாகாக்களுக்கும் சேர்த்து அதன் செலவு சுமார் 1,700 கோடி பவுன் என்று மதிப்பிட்டார்கள். தப்பு சர்க்காருடையது; செலவை யார் தலையில் எழுதினார்கள்? ‘உறுப்பினர் செலவு’ என்று தொழிலாளர் கணக்கில்! அந்தக் கணக்குப்படி அவர்களுக்கு வரவிருந்த பென்ஷன் உயர்வு அதோடு போயிற்று. தீயணைப்புத் தொழிலாளர் யூனியன் இதையும் எதிர்த்துக் கோர்ட்டு ஏறியது. 2023-ல் ஹைக்கோர்ட்டு தள்ளியது, 2024-ல் அப்பீல் கோர்ட்டும் தள்ளியது.