குணம் என்னும் சொல்

‘குணம்’ என்னும் சொல் தமிழில் ஒருவரது இயல்பையும் குறிக்கும்; நோய் நீங்குதலையும் குறிக்கும். மதியிறுக்கம் எனப்படும் ஆட்டிசத்தைப் பற்றிப் பேசுவோர் பலர் இவ்விரு பொருளையும் மயங்கக் கொள்கின்றனர் என்பது நம் கருத்து.

1943இல் லியோ கானர் என்னும் மருத்துவர் 11 குழந்தைகளை ஆராய்ந்து இந்நிலையை விரித்து எழுதினார். பின்வந்தோர் சிலர் தாயின் அன்புக்குறைவே காரணம் எனப் பழி சுமத்தினர். 1998இல் வெளியான ஓர் ஆய்வுரை தடுப்பூசியைக் குற்றஞ்சாட்டியது. முன்னது ஆதாரமற்றதெனத் தள்ளப்பட்டது. பின்னதை, வெளியிட்ட ‘லான்செட்’ இதழே 2010இல் திரும்பப் பெற்றது. இது மூளை வளரும் முறையில் அமைந்த வேறுபாடு. மரபணுக்களுக்கு இதில் பெரும்பங்கு உண்டு. இதனை அடியோடு நீக்கும் மருந்து எதுவும் இன்றளவும் மெய்ப்பிக்கப்படவில்லை.

இருந்தும், ‘குணப்படுத்துவோம்’ என்னும் விளம்பரங்களுக்குக் குறைவில்லை. ஸ்டெம் செல் சிகிச்சையை நம்பி, உள்ள பொருளையெல்லாம் செலவிடும் பெற்றோர் உளர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள், சில இரத்த நோய்கள் முதலியவற்றுக்கு அப்பால் இச்சிகிச்சையை ஆய்வு நிலையிலேயே வைத்தன. ஆட்டிசத்துக்கு இது பரிந்துரைக்கத் தக்கதன்று என்று தேசிய மருத்துவ ஆணையமும் 2022இல் தெளிவுபடுத்தியது.

நம்பிக்கையைப் பறிக்கலாமோ எனப் பெரியோர் வினவலாம். பொய் நம்பிக்கையின் பின்னே செல்லும் தாய் பணத்தை மட்டுமா இழக்கிறாள்? குழந்தை எளிதிற் கற்கும் இளம்பருவத்தையும் இழக்கிறாள். பேச்சுப் பயிற்சி, அன்றாடச் செயல்களுக்கான பயிற்சி, நடத்தைப் பயிற்சி, சிறப்புக் கல்வி ஆகியன அப்பருவத்திலேயே தொடங்கப்பெறின் நற்பயன் விளையும். உடன்வரும் வலிப்பு, உறக்கமின்மை, கடுஞ்சினம் ஆகியவற்றைத் தணிக்க மருந்துகள் உண்டு. மெய்யான நம்பிக்கை இங்கேதான் உள்ளது.

நம் தேனாம்பேட்டையில் மருத்துவத் துறை இயக்ககங்கள் அமைந்த டி.எம்.எஸ். வளாகம் இருக்கிறது. ஆயினும் அதன் வாயிலைக் கடக்கும் பேருந்தில் ஒரு சிறுவன் காதைப் பொத்திக்கொண்டு அலறினால், ‘வளர்ப்பு சரியில்லை’ என்று முகஞ்சுளிப்போரே மிகுதி. மருந்து வேண்டுவது இந்த முகஞ்சுளிப்புக்கே.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் உள்ளடக்கியது. சட்டம் திறந்த பள்ளிக் கதவை நிர்வாகங்கள் சாத்திவிடலாகாது. சிகிச்சைக்கெனப் பொருளுதவி கேட்டு ஜமாஅத்தை நாடும் பெற்றோரிடம், அது எச்சிகிச்சைக்கு என்று பெரியோர் கனிவோடு வினவுதல் வேண்டும். அதே பொருளைக் கொண்டு ஒரு பயிற்சியாளரை அமர்த்தினால் குழந்தைகள் பலர் பயன்பெறுவர். குழந்தையின் குணத்தை அறிந்து நடத்தலே நாம் முதலில் செய்யத்தக்கது.