கீறலை மறைத்த பையன்

போன மாதம் ஒரு மத்தியானம். பக்கத்து வீட்டுப் பையன், ஏழு வயசு, மெதுவாக என் சமையலறை வாசலில் வந்து நின்றான். கணுக்காலைக் கையால் பொத்திக்கொண்டிருந்தான்.

"மாமி, தெரு நாய்க்குட்டி லேசாத்தான் பிறாண்டித்து. அம்மாகிட்டே சொல்லிடாதீங்கோ, அடிப்பா!"

கையை விலக்கிப் பார்த்தேன். இரண்டு கீறல், துளி ரத்தம். குழாயடிக்கு அழைத்துப் போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினேன். "ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றதும் அவன் பாட்டிக்குச் சிரிப்பு. "குட்டிதானே! காப்பிப்பொடியை வெச்சு அமுக்கினா சரியாப் போயிடும்" என்றாள். நான் கேட்கவில்லை. சாயந்திரமே முதல் ஊசி போட்டாகிவிட்டது.

இத்தனை பதற்றம் எதற்கு என்கிறீர்களா? வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. அதற்கு முன்பே, உடனடியாக ஊசி போட்டுக்கொண்டால் நோய் வராமலே தடுத்துவிடலாம். குட்டி நாய்க்கும் அந்த நோய் இருக்கக்கூடும். ஆகவே, அடிக்குப் பயந்து குழந்தை மறைப்பதுதான் பெரிய ஆபத்து.

கடியோ கீறலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுதாக 15 நிமிஷம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டாம், கட்டும் போடாதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரி. அரசு மருத்துவமனையில் இந்த ஊசி இலவசம். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்பதெல்லாம் அந்தக் காலம். இப்போது ஒரு மாதத்துக்குள் நாலைந்து தடவைதான், அதுவும் கையில். ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் மருந்தும் தேவை. டாக்டரிடம் அதையும் கேளுங்கள். அடுத்த ஊசித் தேதிகளைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். ஒன்றையும் விடக் கூடாது.

"இந்த நாய்களையே ஒழித்துவிட்டால் என்ன?" என்று பலர் கேட்கிறார்கள். சென்னையில் கார்ப்பரேஷன் பல வருஷம் நாய்களைப் பிடித்துக் கொன்றுதான் பார்த்தது. நாய்கள் குறையவில்லை. ஒரு தெரு காலியானால், குப்பையைத் தேடி அடுத்த தெரு நாய் வந்துவிடும். ஊசி போடாத புது நாய்!

இதற்கு வேறு வழி சொன்னது ஒரு குடும்பம். 1959-இல் தியாகராய நகரில் மழைத் தண்ணீரில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை விமானி கேப்டன் வி. சுந்தரம் வீட்டுக்குத் தூக்கி வந்தார். அவர் மனைவி உஷா சுந்தரமும் விமானம் ஓட்டியவர்தான். அவர்கள் வீட்டில் தொடங்கியதுதான் புளூ கிராஸ். அடிபட்ட மாடு, நாய், பூனைக்கு வைத்தியம் பார்ப்பதோடு அவர்கள் நிற்கவில்லை. தெரு நாய்களுக்குக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்று 1964 முதல் சொல்லிச் செய்தும் காட்டினார்கள். 1996-இல்தான் கார்ப்பரேஷன் அதை ஏற்று, கொல்வதைக் கைவிட்டது. பிறகு வந்த வருஷங்களில் சென்னையில் இந்த நோயால் சாவது வெகுவாகக் குறைந்தது.

ஓர் ஊரில் 100 நாய்களுக்கு 70 நாய்கள் தடுப்பூசி போட்டவையாக இருந்தால் நோய் பரவுவது நின்றுவிடும் என்கிறார்கள் நிபுணர்கள். காதில் சிறு வெட்டு உள்ள நாயைப் பார்த்திருப்பீர்கள். கருத்தடையும் ஊசியும் ஆனதற்கு அடையாளம் அது. அடையாளம் இல்லாத நாய் உங்கள் தெருவில் இருந்தால், மாநகராட்சிக்கோ பிராணி நல அமைப்புக்கோ ஒரு போன் போடுங்கள். எச்சில் இலையையும் மீந்த சோற்றையும் வாசலில் கொட்டாதீர்கள். வீட்டு நாய்க்கு வருஷம் தவறாமல் ஊசி போடுங்கள். சாப்பிடுகிற நாய், தூங்குகிற நாய், குட்டி போட்ட நாய் பக்கம் போகாதே என்று குழந்தைக்குச் சொல்லிக் கொடுங்கள்.

அந்தப் பையனின் அம்மாவிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: "அடிக்காதே. எதுவானாலும் உன்னிடம்தான் முதலில் ஓடி வரணும்." போன வாரம் கடைசி ஊசியும் ஆயிற்று. நேற்று முழங்காலைச் சிராய்த்துக்கொண்டவன் என் வீட்டைத் தாண்டி, "அம்மா!" என்று கத்திக்கொண்டே அவன் வீட்டுக்குள் ஓடினான்.