சேர்ந்தவர் எத்தனை? முடித்தவர் எத்தனை?

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் தாராவித் தமிழர் வீடுகளில் ஒரே கேள்விதான்: "பிள்ளைக்கு எந்தக் காலேஜில் இடம் கிடைத்தது?" மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இதே கேள்விதான். ரூயாவா, பொதாரா, கால்சாவா, சயானில் உள்ள எஸ்.ஐ.இ.எஸ். கல்லூரியா என்று விசாரிப்பார்கள். இடம் கிடைத்த வீட்டில் இனிப்பு வழங்குவார்கள். நல்லது, மகிழ வேண்டியதுதான்.

ஆனால் மூன்று ஆண்டு கழித்து அதே வீட்டு வாசலில் நின்று, "பிள்ளை படிப்பை முடித்தாயிற்றா?" என்று கேட்பவர் எத்தனை பேர்? கேட்டால் வீட்டார் முகம் வாடுமோ என்று தயங்கிப் பலர் கேட்பதே இல்லை. கல்லூரியும் கேட்பதில்லை. நம் சங்கமும் கேட்பதில்லை.

மாணவத் தோழர்களே! நான் சொல்ல வருவது ஒன்றே. கல்லூரியில் நுழைந்தவர் எத்தனை பேர் என்று எண்ணினால் மட்டும் போதாது. நுழைந்தவருள் எத்தனை பேர் குறித்த காலத்தில் பட்டத்தோடு வெளிவந்தனர் என்றும் எண்ண வேண்டும். அந்த எண்ணைக் கல்லூரியிடம் கேட்க வேண்டும். நம்மையும் நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சேர்க்கைக் கணக்கு நாட்டில் நன்றாகவே எடுக்கப்படுகிறது. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 2021-22ஆம் ஆண்டு உயர்கல்வி ஆய்வின்படி, 18 முதல் 23 வயது வரை உள்ளோரின் தொகையோடு ஒப்பிட உயர்கல்வியில் சேர்ந்திருப்போர் இந்தியாவில் 28.4 விழுக்காடு, மகாராட்டிரத்தில் 35.3, தமிழ்நாட்டில் 47.0. தமிழ்நாட்டின் எண்ணைப் படிக்கும்போது நமக்குத் தோள் பூரிக்கிறது. பூரிக்கட்டும்! பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத பாட்டன்மாரின் பேரர்கள் அல்லவா நாம்? ஆயினும் அந்த எண் பெஞ்சியில் அமர்ந்திருப்போரின் கணக்கு. அவர்களுள் கடைசிவரை அமர்ந்திருப்பவர் யார், இடையில் எழுந்து போனவர் யார் என்பதை அது சொல்லாது.

"தேர்ச்சி விழுக்காடு சொல்லுமே!" என்பீர்கள். அது எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று பாருங்கள். இறுதியாண்டுத் தேர்வு எழுதியவருள் எத்தனை பேர் தேறினர் என்பதே வழக்கமான கணக்கு. எடுத்துக்காட்டாக, முதலாண்டில் 100 பேர் சேர்ந்ததாகக் கொள்வோம். 40 பேர் இடையில் நின்றுவிட, 60 பேர் இறுதித் தேர்வு எழுதி, 54 பேர் தேறினால், கல்லூரி அறிவிப்பது 90 விழுக்காடு! ஆனால் சேர்ந்த நூற்றுவரை நினைப்பவனுக்கு அது 54தான். அந்த 40 பேரும் எந்தக் கணக்கிலும் தோற்கவில்லை. எந்தக் கணக்கிலும் அவர்கள் இல்லவே இல்லை.

அந்த நாற்பதின்மர் யார்? நான் தாராவியில் வளர்ந்தவன். எங்கள் சந்திலிருந்து என்னோடு ஒரே ஆண்டில் கல்லூரியில் சேர்ந்தோர் ஆறு பேர். பட்டம் பெற்றோர் இருவர். மற்ற நால்வரும் அறிவில் குறைந்தவர் அல்லர். ஒருவன் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன். தந்தையார் நோயில் விழ, தோல் பை தைக்கும் பட்டறைக்குப் போனான். ஒரு பெண் விடியுமுன் எழுந்து அம்மாவோடு இட்லி அவித்துக் கொடுத்துவிட்டு வகுப்புக்கு வருவாள். வருகைப் பதிவு குறைந்தது, நின்றுவிட்டாள். மற்ற இருவரையும் விழுங்கியது நம் எல்லோருக்கும் அறிமுகமான ஏ.டி.கே.டி. ஒரு தாளில் தவறினாலும் அடுத்த ஆண்டுக்குப் போகலாம் என்பது சலுகைதான். ஆனால் தவறிய தாள்கள் சேரச் சேர, மறுதேர்வுக் கட்டணமும் சேர்ந்து, மலைப்பும் சேர்ந்து, ஒரு நாள் புத்தகப் பை ஆணியில் தொங்கத் தொடங்கிவிடுகிறது.

இங்கேதான் செலவைப் பற்றிப் பேச வேண்டும். செலவு என்றால் கல்லூரிச் சம்பளம் என்றே நினைக்கிறோம். அரசு மானியம் பெறும் பி.ஏ., பி.காம். வகுப்புகளுக்குச் சம்பளம் குறைவு; சுயநிதி வகுப்புகளுக்கு அதைப்போல் பல மடங்கு. ஆனால் ஏழை வீட்டின் பெருஞ்செலவு ரசீதில் எழுதப்படுவதில்லை. பட்டறைக்குப் போனால் மாதந்தோறும் வீட்டுக்கு வந்திருக்கும் கூலியே அந்தச் செலவு. முதலாண்டுச் சம்பளத்தை எப்படியோ கடன் வாங்கிக் கட்டிவிடுகிறார்கள். இரண்டாம் ஆண்டில் ஒரு நோய், ஒரு திருமணம், ஒரு வேலையிழப்பு வந்தால் கயிறு அறுந்துவிடுகிறது. அப்போது அந்தக் குடும்பத்துக்கு மிஞ்சுவது என்ன? பட்டம் இல்லை, கூலியும் இல்லை, கடன் மட்டும் உண்டு. கல்லூரிக்கே போகாதவனைவிட இடையில் நின்றவன் ஒரு படி கீழே நிற்கிறான். கந்து வட்டிக்காரன்கூட வட்டி எவ்வளவு என்று சொல்லித்தான் பணம் தருகிறான். கடன் வாங்கி வந்து சேர்கிற ஒரு தாய்க்கு, "எங்களிடம் சேர்ந்தவருள் இத்தனை பேர் முடித்தனர்" என்று கல்லூரி சொல்ல வேண்டாமா?

உபகாரச் சம்பளம் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. ஆனால் மும்பைத் தமிழனின் நிலை ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். பட்டியல் சாதியினர் யார் என்பது மாநிலந்தோறும் வகுக்கப்பட்டது. குடியரசுத் தலைவரின் ஆணை வெளிவந்த 1950 ஆகஸ்ட் 10ஆம் நாளுக்கு முன்பே மகாராட்டிரத்தில் குடியிருந்ததற்குச் சான்று காட்டினால்தான் இங்கே பட்டியல் சாதிக்குரிய உரிமை. அதற்குப் பின் ரயிலேறி வந்த திருநெல்வேலிக் குடும்பத்தின் பேரனுக்கு, அவன் இங்கேயே பிறந்தவனாயினும், அது இல்லை. ஆந்திரத்திலிருந்து வந்து மும்பையில் குடியேறிய குடும்பத்து மாணவர் ஒருவர், சேட் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் பழங்குடியினருக்கான இடம் கேட்டுத் தொடுத்த வழக்கில், ஒரு மாநிலத்து உரிமை குடிபெயர்ந்தவரோடு மற்ற மாநிலத்துக்குக் கூடவே வாராது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது. அப்படியானால் தமிழ்நாடு கைகொடுக்குமா? மாதம் 1000 ரூபாய் வழங்க அங்கே 2022இல் 'புதுமைப் பெண்' திட்டமும், 2024இல் 'தமிழ்ப் புதல்வன்' திட்டமும் தொடங்கப்பட்டன. இரண்டும் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்தோருக்கு என்றே வகுக்கப்பட்டவை. தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு அங்கும் இடமில்லை; இங்கும் இடமில்லை. அவளுக்குப் பேசுபவர் யார்?

மொழியும் ஒரு செலவே. தமிழில் பாடம் படித்து வந்தவள், கல்லூரியில் முதல் நாளே ஆங்கில விரிவுரை கேட்கிறாள். பாடம் புரியாமல் அல்ல, பாடத்தின் மொழி புரியாமல் தாளை இழக்கிறாள்.

இவற்றுக்கெல்லாம் பரிகாரம் உண்டா? உண்டு. நம் நகரமே முன்பு வழிகாட்டியது. அண்ணல் அம்பேத்கர் 1946இல் தொடங்கிய சித்தார்த்தா கல்லூரியில் வகுப்புகள் காலையில் நடந்தன. அலுவலகம் போகும் ஏழையும் பட்டம் பெற வேண்டும் என்பதே நோக்கம். சாத்தாராவில் கர்மவீர் பாவுராவ் பாட்டீல், 1919இல் தோன்றிய தம் ரயத் கல்விக் கழகத்தின் வழியே, உழைத்துக்கொண்டே படிக்கும் முறையை வளர்த்தார். மாணவனின் நேரத்துக்குக் கல்லூரி வளைந்துகொடுத்தது. மாட்டுங்காவில் தென்னிந்தியர் 1932இல் தொடங்கிய கல்விக் கழகமே பின்னர் 1960இல் சயானில் எஸ்.ஐ.இ.எஸ். கல்லூரியை எழுப்பியது. நம்மவர் கூடினால் கல்லூரியே கட்ட முடியும் என்பதற்கு இது சான்று. கல்லூரி கட்டியவர்களின் பிள்ளைகளுக்கு, சேர்ந்தவரைக் கரைசேர்ப்பது முடியாத காரியமா?

கடல் கடந்தும் பார்ப்போம். அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரிகள் என்னும் ஈராண்டுக் கல்லூரிகள் உள்ளன. சம்பளம் குறைவு, வேலை செய்வோரும் ஏழைகளும் அங்கேதான் மிகுதி. சேர்ந்தவருள் எத்தனை பேர் முடித்தனர் என்பதை இத்தகைய சிறு கல்லூரிகளும் வெளியிட வேண்டும் என்று 1990இல் அந்நாடு சட்டம் செய்தது. ஈராண்டுப் படிப்புக்கு மூன்றாண்டு தவணை கொடுத்தும் பாதிப் பேர்கூட முடிக்கவில்லை என்ற கசப்பான உண்மை வெளிப்பட்டது. வெளிப்பட்டதால் மருந்தும் தேடினர். நியூயார்க் நகரப் பல்கலைக் கழகம் 2007இல் ஒரு திட்டம் தொடங்கியது. உதவித்தொகை போக எஞ்சிய சம்பளத்தைத் தானே ஏற்றது, பாடநூல் தந்தது, பயணச் சீட்டு தந்தது, ஒவ்வொரு மாணவரையும் அடிக்கடி கண்டு பேச ஓர் ஆலோசகரை வைத்தது. குலுக்கல் முறையில் மாணவரை இரு பிரிவாக்கி ஒப்பிட்டபோது, திட்டத்தில் இருந்தோருள் 40 விழுக்காட்டினர் மூன்றாண்டுக்குள் முடித்தனர். இல்லாதோருள் 22 விழுக்காட்டினரே முடித்தனர். அதே நகரம், அதே ஏழைமை. கிட்டத்தட்ட இரு மடங்கு பட்டதாரிகள்! மூளை மாறவில்லை; துணை மாறியது.

நம் நாட்டிலும் இந்த எண் முற்றிலும் மறைந்திருக்கவில்லை. 2016 முதல் வெளிவரும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள், முதலாண்டில் சேர்ந்தவர் எத்தனை, குறித்த காலத்தில் பட்டம் பெற்றவர் எத்தனை என்ற இரண்டையும் தரவேண்டும். ஆனால் தரவரிசைக்கு விண்ணப்பிக்காத சிறு கல்லூரிகளை அது தொடுவதில்லை. நம் பிள்ளைகளில் பலர் சேர்வதோ அத்தகைய கல்லூரிகளில்!

இதற்கு மறுப்பு உண்டு. "இந்த எண்ணைக் கேட்டால், கல்லூரிகள் நலிந்த மாணவரைச் சேர்க்கவே மறுத்துவிடும்" என்று ஒரு பேராசிரியர் என்னிடம் சொன்னார். புறந்தள்ள முடியாத அச்சம்தான். ஆகவே ஒரு கல்லூரியை மற்றொன்றோடு மோதவிட வேண்டாம். அதன் இந்த ஆண்டை அதன் சென்ற ஆண்டோடு ஒப்பிடுவோம். முதல் தலைமுறை மாணவர் எத்தனை பேரைச் சேர்த்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதுவோம். எளியோரைச் சேர்த்துக் கரைசேர்க்கும் கல்லூரிக்கே முதல் வணக்கம் கிடைக்கட்டும்.

இன்னொரு மறுப்பு: 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கைப்படி ஓராண்டு முடித்தால் சான்றிதழ், ஈராண்டு முடித்தால் டிப்ளமா உண்டே, இடையில் நின்றால் என்ன நட்டம் என்பது. விரும்பி வெளியேறுபவனுக்கு அது நல்ல வாசல். தள்ளப்பட்டு வெளியேறுபவனுக்கு அதே வாசலைக் காட்டி, "இதுவும் ஒரு தேர்ச்சியே" என்று சொல்வது நீதியாகாது.

இனி நம் கடமை. அரசும் கல்லூரியும் செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. நம் சங்கம் ஆண்டுதோறும் பொங்கல் விழா நடத்துகிறது, பட்டிமன்றம் நடத்துகிறது. இவற்றோடு ஒரு பதிவேடும் வைக்கட்டும். இந்த வளாகத்திலும் சுற்றியுள்ள கல்லூரிகளிலும் முதலாண்டில் சேரும் தமிழ் மாணவர் பெயரை அவரவர் இசைவோடு குறித்துக்கொள்வோம். அடுத்த ஆண்டு ஜூனில் அதே பெயர்களை வாசிப்போம். விடை சொல்லாத பெயரைத் தேடி இருவர் அந்த வீட்டுக்குப் போகட்டும். மறுதேர்வுக் கட்டணத்துக்கென்று ஒரு சிறு நிதி திரட்டுவோம். விழாச் செலவில் ஒரு பங்கு போதும். சாதிச் சான்று, குடியிருப்புச் சான்று, ஊரிலிருந்து பெறவேண்டிய காகிதங்கள் இவற்றில் வழிகாட்ட, சட்டம் படிக்கும் நண்பர்கள் வாரம் ஒரு மாலை அமரட்டும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ஆங்கிலப் பள்ளியில் பயின்ற தோழர்களே, தாராவிக்கு வந்து முதலாண்டு மாணவருக்கு ஆங்கிலம் சொல்லித் தாருங்கள். மாட்டுங்காவிலிருந்து நடந்தே வரலாம், தொலைவு அவ்வளவுதான். நமக்குள் இருப்பதாக எண்ணிக்கொள்ளும் தொலைவுதான் அதிகம்.

இந்த மலரின் அடுத்த இதழில் விழாப் படங்கள் வரட்டும், கவிதைகள் வரட்டும். அவற்றுக்கிடையே அரைப் பக்கத்தில் இரண்டே எண்கள் அச்சாகட்டும்: சேர்ந்தவர் இத்தனை; முடித்தவர் இத்தனை. முதல் ஆண்டு அவற்றைக் காண நமக்கு வெட்கமாக இருக்கலாம். வெட்கப்பட்டாலும் ஆண்டுதோறும் அச்சிடுவோம். இரண்டு எண்களும் நெருங்கி வரும்வரை அச்சிடுவோம்.