அடியில் துளையுள்ள வட்டில்

பூர்வீக வீட்டுப் பரணில் கிடைத்த செம்பு வட்டிலின் அடியில் ஊசித்துளை ஒன்று இருந்தது. ஈயம் வைத்து அடைக்கக் கொடுத்தேன். கன்னார் மறுத்துவிட்டார். "ஐயா, இது அரிச்ச ஓட்டை இல்லீங்க, மையம் பார்த்துப் போட்டது."

சிவலிங்கத்தின் மேல் தொங்கும் தாராபாத்திரமோ எனில், மாட்டுவதற்கு வளையம் இல்லை. அண்டா நீரில் மிதக்கவிட்டேன். துளை வழியே நீர் மெல்ல ஏறி, ஏறக்குறைய 24 நிமிடத்தில் வட்டில் மூழ்கியது. வங்கிப் பழக்கம், மறுமுறையும் சரிபார்த்தேன். ஒரு நாழிகை! நாளொன்றுக்கு 60 நாழிகை. கடிகாரம் வராத காலத்தில் முகூர்த்தமும் பிறந்த நேரமும் அளந்த நாழிகை வட்டில் அது. துளை சற்று அகன்றாலும் கணக்குப் பிசகும்; புளியிட்டுத் தேய்க்கவும் அஞ்சுகிறேன்.

அன்பர்களே, இத்தகைய கிண்ணத்தைப் பழைய பாத்திரக்காரரிடம் போடுமுன் நீரில் இட்டுப் பாருங்கள். என் தந்தையாரின் ஜாதகத்திலுள்ள உதயாதி நாழிகை இதில் அளந்ததாகவும் இருக்கலாம்.