விளக்கற்ற பெட்டிகள்

2025 மே மாதத்தில் கொத்மலையில் பஸ்வண்டி பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டபோது நாடே கலங்கியது. ஆனால், ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் ஒருவர் இருவராக இந்நாட்டு வீதிகளில் மடிவதை எண்ணிக் கலங்குவார் யார்?

படுவான்கரையை எடுத்துக்கொள்வோம். பெரும்போக அறுவடைக் காலத்தில் உன்னிச்சையிலிருந்து ஆயித்தியமலை வழியாக வலையிறவுப் பாலம் நோக்கி நெல்லேற்றிய உழவு இயந்திரங்கள் இரவிரவாக வருகின்றன. பல பெட்டிகளின் பின்புறத்தில் விளக்குமில்லை, ஒளிதெறிக்கும் தகடுமில்லை. பின்னால், மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் வரும் மோட்டார் சைக்கிள் ஒரு விநாடியில் 19 மீற்றர் ஓடிவிடும். கண் கண்டு கை பிரேக்கை அழுத்துமுன் அந்த விநாடி கழிந்துவிடுகிறது. வண்டி நிற்பதற்கு மேலும் முப்பது மீற்றராவது வேண்டும். தன் விளக்கொளிக்குள் நிறுத்தக்கூடிய வேகமே இரவுக்குரிய வேகம். கட்டாக்காலி மாடுகளும் யானைகளும் குறுக்கிடும் வீதியில் இதைச் சொல்லவும் வேண்டுமோ!

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் ஏட்டில் இருக்கிறது. தலைக்கவசத்தைத் தேடுவதில் பொலிஸார் காட்டும் கவனத்தைப் பின்விளக்கில் காட்டக் காணோம். அறுவடை வேளையில் கமக்காரனை மறிப்பது கொடுமையென நம்மவர் சிலர் வாதிடுவர். அவ்வாதம் எமக்கு உடன்பாடன்று. இருளில் பெட்டியில் மோதி மடிபவனும் வட்டையிலிருந்து வீடு திரும்பும் கமக்காரன் மகனே. ஒரு தகட்டின் விலையோ ஒரு மூடை நெல்லின் விலைக்கு எட்டாது.

அரசாங்கத்திடம் வீதி கேட்போம், பாலமும் கேட்போம். இதை எவரிடமும் கேட்கவேண்டியதில்லை. உன்னிச்சைக் குளத்து நீர் திறக்கும் நாளைக் குறிக்கும் ஆரம்பக் கூட்டத்திலேயே, தகடில்லாப் பெட்டி வயலுக்குள் இறங்கக்கூடாதெனக் கமக்காரர் அமைப்புகள் தீர்மானிக்கட்டும்.